கண்ணு மட்டும் நான் எழுதுனது

அங்கிட்டு நின்னு பாக்காதீங்க தம்பி. கண்ணாடியில லைட்டு அடிக்கும், உங்க மூஞ்சிதான் உங்களுக்குத் தெரியும். இங்கிட்டு வாங்க. இந்தப் பெஞ்சுல உக்காருங்க. கண்காட்சியில ஒன்பது நாளா இதுலதான் உக்காந்திருக்கேன். எங்க இருந்து பாத்தா எது தெரியும்னு என்னயக் கேளுங்க.

வாட்ச்மேனா? வாட்ச்மேன் இல்ல தம்பி. இந்தப் பொம்மையைச் செஞ்சவன் நான்.

அட்டையைப் படிச்சிட்டுத்தான் சிரிக்கிறீங்க, தெரியுது. மேல தருண்னு போட்டிருக்காய்ங்க. மெட்ராசுக்காரத் தம்பி, பெரிய ஆர்ட்டிஸ்டு. கீழ என்ன போட்டிருக்கு? கண்டெடுத்த பொருள். வைக்கோல், துணி, மண்பானை, கயிறு. கண்டெடுத்தாராம். ரோட்டுலயா கெடந்துச்சு? என் சைட்டுல ரெண்டாவது மாடியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. கொடியில காயிற சேலையை உருவிட்டுப் போயி, கண்டெடுத்தேன்னு சொன்னா ஊருல விடுவாய்ங்களா?

என் பேரு தவமணி. ஒத்தக்கடைப் பக்கம் வந்து மேஸ்திரி தவமணின்னு கேளுங்க, வீட்டுல கொண்டாந்து விட்டுருவாய்ங்க. முப்பத்தோரு வருசமா வீடு கட்டுறேன். எத்தனை வீடுன்னு எனக்கே நெனப்பில்ல. ஒரு வீட்டுலயாவது என் பேரு இருக்கா? வாசக் கல்லுல ஓனரு பேரு. நெத்தியில அவரு ஆத்தா பேருல இல்லம். கேட்டுல எஞ்சினியரு போர்டு. கிரகப்பிரவேசத்துக்குப் போனா ஒரு வேட்டி துண்டு, பின்பந்தியில சாப்பாடு. அம்புட்டுத்தான். அதை நான் தப்பு சொல்லல, வழக்கம் அப்படி. ஆனா ஒரு மனுசனுக்கு ஆசை இருக்கும்ல. எங்கயாவது ஒரு அட்டையில, சின்னதா.

பொம்மை எதுக்குன்னு தெரியும்ல? திருஷ்டிப் பொம்மை. கட்டுற வீட்டு மேல ஊருக் கண்ணு விழக்கூடாது, பொம்மை மேல விழட்டும்னு கட்டித் தொங்கவிடுறது. பழைய பேண்டு, பழைய சட்டை, உள்ள வைக்கோல், தலைக்கு ஒரு பானை. பானையில முழியும் மீசையும் எழுதி நாக்கைத் தொங்க விட்டுருவோம். பால் காய்ச்சுற அன்னைக்கு எறக்கி எரிச்சிரணும். அதுவரைக்கும் விழுந்த கண்ணெல்லாம் அதோட போயிரும். எரிக்காம வச்சிருக்கக் கூடாது. இங்க பாருங்க, ஏசி போட்டு, கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு, வாங்க வந்து பாருங்கன்னு கூப்பிட்டு வச்சிருக்காய்ங்க. நேத்து ஒரு பள்ளிக்கூடமே வந்து பாத்துட்டுப் போச்சு.

ஆமா, நாக்கு இல்ல. மூஞ்சியே இல்ல. அதுக்கு வர்றேன்.

எங்க சைட்டுல கருத்தப்பாண்டின்னு ஒரு கொத்தனாரு. பூச்சு வேலையில கைகாரன். அவன் பூசுன செவுத்துல உள்ளங்கையை வச்சு இழுத்தா ஒரு எடத்துல தட்டாது. அவன் பொஞ்சாதி அதே சைட்டுல சித்தாளு, அவனுக்குக் கலவை எடுத்துக் குடுக்கும். ரெண்டும் பேசாதுக. அவன் கையை நீட்டுனா அது சட்டியை வைக்கும். அப்படியே ரெண்டு வருசம் என்ட்டதான் வேலை. மாசி மாசம் ஒரு நாளு, தெக்குச் செவுரு வெளிப்பூச்சு, ரெண்டாவது மாடி ஒசரம், சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். கீழ கம்பி கெடந்துச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

கயிறு நல்ல கயிறுதான். சாரம் கட்டுனது நான், எனக்குத் தெரியாதா. அவன் நேரம்.

ஓனரு செய்யவேண்டியதைச் செஞ்சாரு. செஞ்சிட்டு, 'மேஸ்திரி, வீட்டு மேல கண்ணு பட்டிருச்சு, ஒரு பொம்மை கட்டுங்க'ன்னாரு. அப்பத்தான் அவன் பொஞ்சாதி, அந்தப் புள்ள, திரும்ப வேலைக்கு வந்துச்சு. பதினாறு முடிஞ்ச மறுநாளே வந்துருச்சு. வீட்டுல ரெண்டு சின்னது, என்ன செய்யும்? வெயிலுல மண்ணு சொமக்க விடாம, உக்காந்து செய்யிற வேலையா குடுப்போம்னு நான்தான் சொன்னேன், இந்தா, ஒரு பொம்மை கட்டுன்னு. எரக்கப்பட்டுத்தான் தம்பி குடுத்தேன்.

பழைய சட்டை ஒன்னு பாத்து எடுத்தாறேன்னு சொன்னேன். 'வேணாம், நானே கொண்டாறேன்'னுச்சு. மறுநாளு கொண்டாந்துச்சு. அந்தா போட்டிருக்குல்ல, அந்த ஊதாக் கட்டம் போட்ட சட்டை. அவன் வேலைக்குப் போட்டு வர்ற சட்டை. காலருல சுண்ணாம்பு இருக்கு பாருங்க, அதை யாரும் பூசல. அவன் தொடைச்சது.

நான் வைக்கோலு கட்டை அவுத்துப் போட்டேன். 

சாதாரணமா பொம்மை கட்டுறது அரை மணி நேர வேலை. அந்தப் புள்ள மூனு நாளு கட்டுச்சு. வைக்கோலைத் திணிக்கும், எந்திரிச்சுப் பக்கத்துல போயி நிக்கும். பொம்மையைச் செவுத்துல சாத்தி வச்சு, அது தோளுல தன் காதை வச்சுப் பாக்கும். 'ரெண்டு விரக்கட ஒசரம் கொறையுது'ன்னு தனக்குத் தானே சொல்லும். திரும்ப அவுத்துத் திணிக்கும். இடது தோளு எறங்கியிருக்குல்ல? ஒழுங்கா கட்டத் தெரியாம எறங்குனது இல்ல. கருத்தப்பாண்டி நின்னா அப்படித்தான் நிப்பான், பூச்சைத் தேய்க்கிற மணியாசுக் கட்டையைப் பிடிச்சுப் பிடிச்சு எறங்குன தோளு. வலது கையி இடது கை முட்டியைப் பிடிச்சிருக்கு பாருங்க. அன்னைக்கு ஒரு கண்ணாடி போட்ட அம்மா இதைப் பாத்து, ஒடுக்கப்பட்டவனோட மௌனம், அது இதுன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் சொன்னேன், 'அது சிமெண்டு அரிப்பும்மா. சாயங்காலம் கை கழுவிட்டு நின்னு சொறியிறது.' அந்த அம்மா என்னய ஒரு மாதிரி பாத்துட்டு அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

இடுப்பைக் கட்ட கயிறு கேட்டுச்சு. புதுக் கயிறு உள்ள இருக்கு, எடுத்துக்கன்னேன். எடுக்கல. சரிஞ்ச சாரத்துல கெடந்த கயித்துலயே ஒரு முழம் வெட்டிட்டு வந்துச்சு. 'அதை எதுக்கு எடுக்குற?'ன்னேன்.

'இது பொம்மையைத் தாங்கும் மேஸ்திரி'ன்னுச்சு.

கோவமாச் சொல்லல. அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆகல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒரு மழை நனைஞ்ச கயிறு தம்பி அது. ஒரே ஒரு மழை. அதுக்காக கயிறு கெட்டுப் போயிருமா?

எல்லாம் முடிச்சிட்டுப் பானையைக் கவுத்து, அவன் துண்டை உருமாலா கட்டி விட்டுச்சு. மூஞ்சி எழுதல. ஏன்னு கேட்டேன். 'கண்ணு வச்சா யாரைப் பாப்பாருன்னு எனக்குத் தெரியும். வேணாம்'ன்னுச்சு. அப்புறம், 'பால் காய்ச்சுற அன்னைக்கு எறக்கி என்ட்டக் குடுத்துருங்க மேஸ்திரி. எங்க ஊருக்குக் கொண்டு போயி நானே எரிச்சிக்கிறேன். ஆசுபத்திரியில இருந்து அவரை மூட்டையாத்தான் குடுத்தாங்க, மூஞ்சியைத் தொறந்து பாக்க விடல'ன்னுச்சு. சரி சரின்னேன். யாரா இருந்தாலும் சரின்னுதான் சொல்லுவாய்ங்க.

இப்பக் கவனிங்க. இங்கதான் என் வேலை வருது. கண்ணு இல்லாத பொம்மை திருஷ்டிப் பொம்மை ஆகுமா? ஓனரு கேப்பாருல்ல? அந்தப் புள்ள வீட்டுக்குப் போனப்புறம் சுண்ணாம்பைக் கொழச்சு, கரித்துண்டு எடுத்து, நான் எழுதுனேன் ரெண்டு கண்ணு. சும்மா முழியாங்கண்ணு இல்ல தம்பி. எனக்குச் சின்ன வயசுல படம் போட வரும். வாத்தியாரு என் சிலேட்டைப் பக்கத்து வகுப்புக்குக் கொண்டு போயிக் காட்டியிருக்காரு. பொறுமையா, இமை வச்சு, மணி வச்சு எழுதுனேன். எழுதி முடிச்சுத் தள்ளி நின்னு பாத்தா அது என்னயப் பாத்துச்சு. நல்லா வரைஞ்ச கண்ணு அப்படித்தான் பாக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கீழ எறங்கி கேட்டுக்குப் போனேன். அங்கயும் பாத்துச்சு. டீக்கடைக்குப் போனேன். டீக்கடை தெருவுக்கு அந்தப் பக்கம். அங்கயும்.

மறுநாளு அந்தப் புள்ள வந்து மேல பாத்துச்சு. சட்டியை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிருச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு இந்தத் தருண் தம்பி காருல போனாப்ல. நூறடி போயிட்டு ரிவர்சுல வந்தாப்ல. எறங்கி அண்ணாந்து பாத்துட்டே நிக்கிறாப்ல, கால் மணி நேரம். கண்ணுல தண்ணி. சத்தியமா தம்பி, தண்ணி. 'யாருங்க இதைச் செஞ்சது'ன்னாப்ல.

முப்பத்தோரு வருசத்துல என் கட்டடத்தைப் பாத்து ஒருத்தன் அப்படிக் கேட்டதில்ல. அந்தப் புள்ள அங்கிட்டு தொட்டியில தண்ணி மோந்துக்கிட்டிருந்துச்சு. நான் சொல்லிட்டேன், நான்தான்னு. வாயில இருந்து அதுவா வந்துருச்சு. 'நீங்க ஒரு கலைஞன்'னு சொல்லி என் ரெண்டு கையையும் பிடிச்சாப்ல. சிமெண்டுக் கையி. ஒரு பைசா நான் வாங்கல தம்பி. பேரு மட்டும் போட்டுருங்கன்னேன். கண்டிப்பா சார்னாப்ல. பால் காய்ச்சுறதுக்கு மூனு நாளைக்கு முன்னாடி வண்டி கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாப்ல.

பால் காய்ச்சுன அன்னைக்கு அந்தப் புள்ள குளிச்சு, தலைமுழுகி, மஞ்சப்பையோட வந்து நின்னுச்சு. புள்ளைக ரெண்டும் கூட. 'அவரை எறக்கிட்டீங்களா'ன்னுச்சு. கருமாதிச் சாமான் எல்லாம் பையில இருந்துச்சு போல, சூடத்து வாசம் வந்துச்சு. நான் சொன்னேன், குப்பை வண்டிக்காரன் தெரியாம அள்ளிட்டுப் போயிட்டான்னு.

அழுவும்னு நெனச்சேன். அழல. 'எந்தக் குப்பைக் கெடங்கு'ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாதுன்னேன். ஒரு மாசம் ஒவ்வொரு கெடங்காப் போயித் தேடியிருக்கு. கொத்தனாரு ஒருத்தன் பாத்துட்டு வந்து சொன்னான். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

இங்க வந்து பாத்தா, பேரு இல்ல. அதுகூடப் பரவாயில்ல, கண்ணும் இல்ல. தருணு அழிச்சிட்டாப்ல. ஈரத்துணியைப் போட்டு அழுத்தித் தொடைச்சிருக்காப்ல. ஏன் தம்பின்னு கேட்டேன். 'அந்தக் கண்ணு அதைக் கெடுத்துச்சு சார், ஒடம்பு அவ்வளவு உண்மையா இருந்துச்சு, மூஞ்சி பொய்யா இருந்துச்சு'ன்னாப்ல. பாருங்க, நான் செஞ்சது எது, மத்தது எதுன்னு யாருமே சொல்லாம அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

சண்டை போட்டேன். தூக்கிட்டு வந்து வச்சவன் எல்லாம் கலைஞனா? வச்சதுக்கே பேரு உண்டுன்னா என் சைட்டுல சிமெண்டு மூட்டை தூக்கி வைக்கிறவனுக்கு எத்தனை பேரு போடணும்? 'அப்ப இன்னொன்னு செஞ்சு காட்டுங்க சார், உங்க பேருல தனியாவே வைக்கிறேன்'னாப்ல, மரியாதையாத்தான். பின்னாடி ஷெட்டுல வைக்கோலு, துணி எல்லாம் குடுத்தாய்ங்க. மூனு பொம்மை கட்டுனேன் தம்பி. மூனும் வைக்கோலு. தோளை எறக்கி வச்சேன், ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு. கையை முட்டியில வச்சேன், வெளக்கமாறு மாதிரி நின்னுச்சு. பக்கத்துல நின்னு என் காதை வச்சுக்கூடப் பாத்தேன். எந்த ஒசரம்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சித்தாளு கட்டுனது எப்படி உன் வேலை ஆகும்னுதான கேக்க வர்றீங்க? கேளுங்க. செய்யச் சொன்னது யாரு? எடம் யாருது? வைக்கோலு யாரு எறக்குனது? வீடு கட்டுன ஓனரு, நான் கட்டுன வீடுன்னுதான் சொல்றாரு. அவரு ஒரு செங்கலைத் தொட்டாரா? ஒலகமே அப்படித்தான் நடக்குது. நான் சொன்னா மட்டும் குத்தமா?

ஆனா ஒன்னு. கண்ணை அழிச்சிட்டாய்ங்க, உங்களுக்கு அங்க வெறும் பானைதான் தெரியுது. எனக்கு மட்டும் அழியல. வேலைக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. பூசுன செவுரு காயிறப்ப ஈரம் திட்டுத் திட்டா நிக்கும், பாத்திருக்கீங்களா? எந்தச் செவுத்துக்கு முன்னாடி நின்னாலும் கடைசியா ரெண்டு திட்டு காயாம நிக்குது. பக்கத்துல பக்கத்துல. இமை வச்சு, மணி வச்சு. அதான் இங்கயே வந்து உக்காந்திருக்கேன். எதுக்க உக்காந்துட்டா, எங்க இருந்து பாக்குறான்னாவது தெரியும்ல.

கண்காட்சிக்குக் கடைசி நாளு இன்னிக்கு. அஞ்சு மணிக்கு மூடிருவாய்ங்க. காலையில ஷெரின்னு ஒரு பொண்ணு, இந்த ஆபீசைப் பாத்துக்கிறது, இந்தத் தாளைக் கொண்டாந்து குடுத்துச்சு. நான் கத்துன கத்துல எறங்கி வந்துட்டாய்ங்க. 'அங்கிள், செஞ்சவங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அட்டையை இன்னிக்கே மாத்திடுறோம். அடுத்து டெல்லிக்குப் போகுது, அப்புறம் வெளிநாடு. அதுக்கும் செஞ்சவங்க சம்மதம் வேணும். வேணாம்னா அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துருவோம், தருண் சாரும் ஒத்துக்கிட்டாரு'ன்னுச்சு. டெல்லி தம்பி. வெளிநாடு. தவமணின்னு அட்டையில.

சந்தோசத்துல ஒரு டீ குடிப்போம்னு கேட்டுக்குப் போறேன், வேப்ப மரத்தடியில அந்தப் புள்ள உக்காந்திருக்கு. மஞ்சப்பையோட. வடை மடிச்ச பேப்பருல போட்டாவைப் பாத்துச்சாம். சட்டையை வச்சுத் தெரிஞ்சிருக்கு. அது என்னயத் திட்டல, குப்பை வண்டி என்னாச்சுன்னு கேக்கல. 'எப்ப மேஸ்திரி முடியும்'னு மட்டும் கேட்டுச்சு. அஞ்சு மணின்னேன். 'இருக்கேன்'னுச்சு. உள்ள வந்து பாருன்னேன். 'எல்லாரும் பாக்குறாங்கள்ல, நானும் எதுக்கு'ன்னுச்சு.

அப்ப இருந்து உக்காந்திருக்கேன் இந்தத் தாளோட. இதுல என் பேரை எழுதுனா டெல்லிக்குப் போயிரும். அந்தப் புள்ள பேரை எழுதுனா ராத்திரிக்குள்ள சாம்பலு. அப்புறம் தவமணின்னு ஒருத்தன் எதையும் செஞ்சான்னு காட்ட ஒலகத்துல ஒரு துரும்பு கெடையாது. நீங்க படிச்சவுக, சொல்லுங்க. எரிச்சிட்டா அது கலையா? யாரு பாப்பா?

அது கெடக்கட்டும். சரி.

பழைய கயிறு தம்பி. மழையெல்லாம் இல்ல. மூனு வருசக் கயிறு. அன்னைக்குக் காலையில கருத்தப்பாண்டி அதை இழுத்துப் பாத்துட்டு, 'நூலு விடுது மேஸ்திரி, மாத்திருவோம்'னான். இந்த ஒரு செவுரு முடியட்டும்டான்னேன். சரின்னு ஏறிட்டான். ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பாத்தான். அந்தக் கண்ணைத்தான் நான் எழுதியிருக்கேன், அப்பத் தெரியல. அந்தப் புள்ள சட்டியோட கீழ நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பொம்மைக்குக் கண்ணு வேணாம்னு அது சொன்னது எனக்காகத்தான்.

உங்ககிட்ட பேனா இருக்குல்ல? நீங்களே எழுதுங்க. செஞ்சவர் பெயர்னு இருக்கா? அதுக்கு நேரா எழுதுங்க. அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல, கண்ணு மட்டும் தவமணின்னு போட எடம் இருக்கா? இல்ல, வேணாம். கண்ணைத்தான் அழிச்சிட்டாய்ங்களே. அது அழிஞ்சாத்தான் நல்லது.

எழுதுங்க. அந்தப் புள்ள பேரு...

இருங்க தம்பி. கருத்தப்பாண்டி பொஞ்சாதின்னுதான் சொல்லுவோம். சித்தாளுன்னு கூப்பிடுவேன். ஏய்னு கூப்பிடுவேன். ரெண்டு வருசம் என்ட்ட வேலை பாத்துச்சு, பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல.

தாளை நீங்க வச்சிருங்க. நான் போயிக் கேட்டுட்டு வந்துர்றேன். மரத்தடியிலதான் இருக்கும். நான் வர்ற வரைக்கும் பொம்மையைப் பாக்காதீங்க தம்பி, இப்படித் திரும்பி உக்காருங்க. பட்ட கண்ணு போதும் அவனுக்கு.